எனக்கும் லேட்டாதான் வருது

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு, தேக்கா கடைத்தெருவில் நடந்தது இது. மார்சிலிங்கில் ஒரு சாமான் கிடங்கு வேலையை விட்டுவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சாலைக்கு மேலே கட்டியிருந்த அலங்கார விளக்குகளை ஆட்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வேலையை ஏன் விட்டேன் என்றால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சூப்பர்வைசருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதே வாரம், என்னோடு அறையில் தங்கியிருந்தவருக்கு ஊரிலிருந்து குடும்பம் வந்துவிட்டது. அதனால் இடத்தையும் காலி செய்தேன். எனக்கு இது புதிதில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து கோப்பிக்கடை, கார் கழுவுமிடம், கப்பல் பட்டறை என்று பல இடம் பார்த்துவிட்டேன். எங்கேயும் கால் தரிக்காது.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். வாங்க வருகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே சுவர் முழுக்க மாட்டியிருந்த டிவிகளைப் பார்த்தபடி நின்றேன். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே மீன்கள். நடுவில் இருந்த பெரிய டிவியில் அந்த மீன் என் உயரம் இருந்தது.

அதன் முன்னால் ஒரு கணவன் மனைவி. கணவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் ஒரு பொருளை வைப்பது போல வைத்திருந்தார். அந்த அக்கா கையில் ஒரு ரிப்பன் இருந்தது. வீட்டுச் சுவரை அளந்து, டிவிக்கு எவ்வளவு இடம் என்று அதில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரரான பாய் அந்த ரிப்பனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, ஆகப் பெரிய டிவியையே காட்டிக்கொண்டிருந்தார்.

"படம் பாக்கறதுக்கு இதவிட நல்லது இல்லம்மா. தியேட்டர் தேவையில்ல. கேம் வெளையாடினா ஸ்டேடியத்துல நிக்கற மாதிரி இருக்கும்."

"அவருக்கு கேம்தான் பாய் முக்கியம். படமெல்லாம் எனக்கு" என்றார் அக்கா. பிறகு, கணவருக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துச் சொன்னார். கேட்கக்கூடாது என்று அவர் நினைத்த ஆள் நான் இல்லை, அதனால் எனக்குக் கேட்டது. கணவர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இப்போது கை அசைகிறது, ஆனால் மனிதர் அசையவில்லை. அறையை விட்டே வருவதில்லை. விரல்களுக்கு வேலை கொடுக்க, முன்பு நண்பர்களோடு விளையாடிய புட்பால் கேமையே விளையாடச் சொல்லியிருக்கிறார் தெரபிஸ்ட். வீட்டில் இருக்கும் பழைய டிவியில் கோல் கணக்கே தெரியவில்லை என்று அதையும் அவர் தள்ளிவைத்துவிட்டார். இன்றைக்குக் கடைக்கு வந்ததே பெரிய விஷயம்.

பாய் அந்தப் பெரிய டிவியில் கேம் பெட்டியை இணைத்துவிட்டு, ஆடுவதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தார். ஈரத்தோடு நின்ற என் மேல் அவர் கண் விழுந்தது.

"தம்பி, மழை விடற வரைக்கும் சும்மாதானே நிக்கிற? அண்ணனோட ஒரு ஆட்டம் போடு."

உட்கார்ந்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆடத் தெரியுமா?"

"ஏதோ தெரியும்ணே."

"நானும் ஒரு காலத்துல ஏதோ ஆடுவேன்" என்றார். சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. படம் அவ்வளவு பளபளப்பாக இருந்தது. புல்லின் நுனி தெரிந்தது. ஆனால் ஆட்டம் ஓடவில்லை. அவர் பந்தைக் கொண்டுபோய், கோல் வாயில் வரும்போது வலது கட்டைவிரலால் பட்டனை அழுத்துவார். உதைக்க வேண்டிய ஆள் உதைக்காமல் நிற்பான். நான் பந்தைப் பறித்த பிறகு காலைத் தூக்குவான். திரும்பத் திரும்ப இதுதான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"பாத்தியா? வேணாம்னு சொன்னேன்ல? கை போயிடுச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னொரு தடவ ஆடிப் பாருங்களேன்."

"என்னத்தப் பாக்கறது? அமுக்கறேன், அது எப்பவோ போகுது. இதுக்கு இவ்வளவு பெரிய டிவில என் கையோட லட்சணத்தப் பாக்கணுமா?"

கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அக்கா ரிப்பனைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தார். இன்னொரு முறை இவரைக் கூட்டிக்கொண்டு வர முடியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு அதில் வேலை இல்லை. மழை விட்டால் நான் பாட்டுக்குப் போகிறவன். ஆனால் எனக்குள் ஒன்று உறுத்தியது. ஆட்டத்தின்போது நான் பட்டனை அழுத்தினாலும் உதை தாமதமாகத்தான் வந்தது. நானும் அவரைப் போலவே, காலையிலிருந்து சாப்பிடாத பசியில் நம் கைதான் சொன்னபடி கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் என்னை மெதுவான பிள்ளைகளோடு உட்கார வைத்ததிலிருந்து, எது தாமதமானாலும் கோளாறு என்னிடம்தான் என்று எடுத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். அன்றைக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் அப்படி நினைத்ததுதான் இடித்தது.

"அண்ணே, எனக்கும் லேட்டாதான் வருது" என்றேன்.

அவர் நின்றார். கோபம் வந்துவிட்டது. "என்னைப் பாத்துப் பாவப்படாத தம்பி. அதுக்கு வீட்டுல ஆள் இருக்கு."

"இல்லண்ணே, நெஜமா. அக்கா, நீங்க அமுக்கிப் பாருங்க."

அக்கா அழுத்தினார். "ஆமாங்க, எனக்கும் லேட்டாதான் வருது."

"நீ வேற என்ன சொல்லுவ?" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரைக் கடையில் நிறுத்த அந்த அக்கா எதையும் சொல்வார்.

நான் பாயைப் பார்த்தேன். அவருக்கு இதில் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. தன் டிவியைத் தானே குறை சொல்லும் கடைக்காரர் உண்டா? "பாய், நீங்க அமுக்குங்க. எல்லாரும் பட்டன் சத்தத்த மட்டும் கேளுங்க."

பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுத்தினார். டிக் என்று சத்தம். அதற்குப் பிறகுதான் திரையில் கால் அசைந்தது. இன்னொரு முறை. டிக். பிறகு உதை. மூன்றாவது முறை அழுத்திவிட்டு, "அட, ஆமாலா!" என்றார். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

காரணமும் அவருக்கே பிடிபட்டது. கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று, எல்லா டிவியையும் பளபளப்பு கூடும்படி வைத்திருந்தார். அப்படி வைத்தால், ஒவ்வொரு காட்சியையும் மினுக்கி, வழவழப்பாக்கித்தான் டிவி வெளியே விடும். மீனுக்கு அவசரம் இல்லை, எவ்வளவு மினுக்கினாலும் சரி. விளையாடுகிற கைக்கு அது காத்திருப்பு. பாய் ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போய்த் தேடி, கேம் மோட் என்று இருந்ததைப் போட்டார். மினுக்கும் வேலை நின்று, படம் கொஞ்சம் மங்கியது. பாயின் முகமும்தான்.

"இப்ப அமுக்குங்க" என்று அவரே கண்ட்ரோலரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் நின்றபடியே அழுத்தினார். பந்து உடனே பறந்தது. கோலுக்குள் போகவில்லை, வெளியேதான் போனது. ஆனால் அவர் அழுத்தியபோதே போனது. திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒக்காரு தம்பி. முதல்லேருந்து ஆடுவோம்."

ஆடினோம். அவர் கட்டைவிரல் கொஞ்சம் மெதுவுதான், பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அவர் பயந்த அளவு இல்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் பஸ் ஓட்டியவர் கண்டுபிடித்திருப்பார். கடைசியில், ஓரத்திலிருந்து வளைத்து ஒரு கோல் போட்டார் பாருங்கள், பாயே கை தட்டிவிட்டார்.

"ஏதோ ஆடத் தெரியும்னு சொன்ன?" என்றார் அண்ணன். "கோல்கீப்பர தூங்க வச்சிட்டு வந்தியா?"

"நீங்கதான் ஹாரன் அடிக்காம வந்துட்டீங்க."

அப்போதுதான் அவர் சிரித்தார். அக்கா டிவியைப் பார்க்கவில்லை. சிரிக்கும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பி, ரிப்பனை மறுபடி வெளியே எடுத்தார்.

பாய் மறுபடியும் பெரிய டிவியிலேயே ஆரம்பித்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "கிளமெண்டி வீட்டுல நம்ம ஹால் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் பாய். இத மாட்டினா நாங்க படிக்கட்டுல ஒக்காந்துதான் பாக்கணும்." பிறகு மனைவியிடம், "முடிச்சு எங்க போட்டிருக்க? குடு" என்று ரிப்பனின் ஒரு முனையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு டிவியாக அளந்து, முடிச்சுக்குச் சரியாக வந்த ஒன்றை எடுத்தார்கள். அதையும் கேம் மோடில் போட்டு, அழுத்திப் பார்த்த பிறகுதான் அண்ணன் சரி என்றார்.

அவர்கள் போனபோது மழை விட்டிருந்தது. நானும் பையை எடுத்தேன்.

"எங்க போற?" என்றார் பாய்.

"தெரியல பாய்."

"டிவி தூக்குவியா? டெலிவரி லாரில ஒரு ஆள் கொறையுது. ஆனா கடையில வந்து என் டிவியக் கொற சொல்லக் கூடாது."

அன்றைக்கு இரவு பிடோக்கில் தெரிந்தவர் வீட்டு ஹாலில் படுத்தேன். மறுநாள் காலை கடைக்குப் போய், லாரியில் முதல் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். இன்றுவரை அதே வேலையில் இருக்கிறேன், எனக்கே ஆச்சரியம்தான். எந்த வீட்டில் டிவி மாட்டினாலும், விளையாடப் போகிறவர் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்து ஒரு முறை அழுத்தச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். தன் கையில் கோளாறு என்று நம்பிக்கொண்டு ஒருவரும் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.