மதகு வரைக்கும் வலித்தது

என் தம்பி ஜெகன் தஞ்சாவூரில் முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்யும் டாக்டர். அவனைப் பற்றிப் பேச ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். "தேங்கா பறிக்கிறவன் தம்பி டாக்டராயிட்டான்" என்று ஆரம்பிப்பார்கள், "எல்லாம் அண்ணன் நீலமேகம் பண்ண தியாகம்" என்று முடிப்பார்கள். தியாகமாம். மரம் என்னைக் கேட்டுக்கொண்டா கீழே தள்ளியது? கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். தளைக்கயிற்றைக் காலில் மாட்டி மரமேறுவது என் வேலை, படிப்பது ஜெகன் வேலை என்று ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவன் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தான். எனக்கு இருபத்தாறு வயது, சந்திரலேகாவைக் கட்டி ஒரு வருஷம். பஞ்சநதம் தோப்பில் மரத்தின் உச்சியில் நான் பிடித்த மட்டை கையோடு வந்துவிட்டது. உட்கார்ந்த வாக்கில் வரப்பில் விழுந்தேன்.

இடுப்பில் உயிர் போகிற வலி. ஆனால் கால் இருந்தது. முழங்காலை மடக்கினேன், நீட்டினேன். பாதத்தில் கட்டெறும்பு கடித்தது, அதையும் உதறினேன். தோப்புக்காரர் பஞ்சநதம் ஓடி வந்து பார்த்தார். "காலு ஆடுது, ஒண்ணுமில்ல. வண்டிய எடுங்கடா" என்றார். மரத்திலிருந்து விழுந்தவனை எங்கள் பக்கம் அப்படித்தான் கொண்டுபோவார்கள். மொபெட்டை ஒருவர் ஓட்ட, நடுவில் விழுந்தவனை உட்கார வைத்து, பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார். அன்றைக்குப் பஞ்சநதம் ஓட்டினார். பின்னால், சேதி கேட்டு ஓடிவந்த ஜெகன். என் அக்குள் வழியாகக் கையைக் கொடுத்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வாய்க்கால் கரையோடு போனோம். என் இடது குதிகால் சரளைக்கல்லில் இழுபட்டு, தோல் உரிந்துகொண்டே வந்தது. "டேய், காலு எரியுதுடா" என்று வழியெல்லாம் கத்தினேன். மதகு மேட்டில் வண்டி ஏறிக் குதித்து இறங்கியது. அதோடு எரிச்சல் நின்றது.

"வலி நின்னுடுச்சுடா தம்பி" என்றேன்.

"நாடியம்மன் ஆத்தா காப்பாத்திட்டாண்ணே" என்று என் முதுகில் முகத்தை வைத்து அழுதான். சந்தோஷத்தில் அழுதான். எனக்கும் சந்தோஷம். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு முட்டாள்களாக இருந்திருக்கிறோம்.

எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கிவிட்டது, இனி இடுப்புக்குக் கீழே ஒன்றும் வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விழுந்ததில் போனது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்புறம் என்ன வாழ்க்கை என்று கேட்டால், மூத்திரக் குழாய், தண்ணீர்ப் படுக்கை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சந்திரலேகா என்னைப் புரட்டிப் போடுவது. ஒருநாள் அவள் அசந்து தூங்கிவிட்டால் இடுப்பில் புண் வந்துவிடும். ஒரு புண் ஆற எட்டு மாதம் ஆனது. அவளுக்குப் பிள்ளை இல்லை. நான்தான் பிள்ளை.

ஜெகன் டாக்டருக்குப் படித்தான், எலும்பு வைத்தியம் படித்தான், அப்புறம் முதுகுத்தண்டுக்கென்றே வெளியூர் போய்ப் பழகிவிட்டு வந்தான். தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறியதில்லை. வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பான். குளிப்பாட்டுவான். குதிகாலில் இருக்கிற அந்தப் பழைய தழும்பைத் தடவிப் பார்ப்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், முதுகு தேய்த்துக்கொண்டே சொன்னான். "பல பேருக்கு விழுறப்ப எலும்பு மட்டுந்தாண்ணே ஒடையுது. உள்ள தண்டுவடம் தப்பிச்சிருக்கும். நம்ம ஆளுங்க மடக்கி உக்கார வச்சு வண்டியில கொண்டாராங்க பாரு, அப்பதான் ஒடஞ்ச எலும்பு உள்ள குத்தி அதுவும் போயிடுது. அசைக்காம பலகையில கொண்டாந்தா ராடு வச்சு நிறுத்திடுவேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் கை அப்படியே நின்றுவிட்டது. "ஒனக்கு விழுந்த ஒடனே காலு போயிடுச்சாண்ணே?"

எனக்கு அந்த இடத்தில்தான் மதகு ஞாபகம் வந்தது. தலையில் இருந்த சோப்பு கண்ணில் இறங்கியது நல்லதாகப் போயிற்று.

"ஒடனே போயிடுச்சுடா."

"மதகுகிட்ட ஏதோ வலி நின்னுச்சுன்னு சொன்ன மாதிரி..."

"இடுப்பு வலியச் சொன்னேன். தண்ணிய ஊத்து."

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சுற்றி வளைத்து அதையே கேட்பான். நானும் அதையே சொல்வேன். எனக்குக் கோபம் வரவில்லை என்று நினைக்காதீர்கள். வந்தது. சந்திரலேகா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் புரட்டும்போதெல்லாம் வந்தது. ஆனால் அண்ணனை முடமாக்கியது இந்தக் கைதான் என்று தெரிந்தால், அந்தக் கையால் அவன் இன்னொருவன் முதுகைத் திறப்பானா? அந்தப் பயத்தில் முழுங்கிக்கொண்டே இருந்தேன்.

போன ஆவணியில் ஒரு காலை நேரம். அதே பஞ்சநதம் தோப்பு. திருமுருகன் என்று ஒரு மரமேறி, முப்பது வயது, எங்கள் வேலியோரத்து மரத்திலிருந்து விழுந்தான். சத்தம் கேட்டுச் சந்திரலேகா என்னை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு ஓடினாள். நான் போனில் ஜெகனைக் கூப்பிட்டேன். "தூக்க விடாதண்ணே, நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தொட விடாத" என்றான்.

அதற்குள் பஞ்சநதம் தன் மகனுடைய பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இருபத்தைந்து வருஷம் ஆகியும் மனுஷர் மாறவில்லை. இரண்டு பேர் திருமுருகனின் அக்குளில் கையைக் கொடுத்துவிட்டார்கள்.

"தொடாதீங்க. டாக்டர் சொல்றான்" என்றேன்.

"நீ சும்மா இருப்பா. காலு ஆடுது பாரு, நல்லாத்தான் இருக்கான். நீ விழுந்தப்பயே காலு போயிருச்சு, ஒன் கதை வேற."

நாற்காலியைப் பைக்குக்குக் குறுக்கே விடச் சொன்னேன்.

"யாருய்யா சொன்னது? என் காலும் ஆடுச்சு. மதகு வரைக்கும் ஆடுச்சு. குதிகால் எரியுதுன்னு நான் கத்துனது ஒங்க காதுல விழலியா? நீங்க ஓட்டுனீங்க, என் தம்பி கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தான், மதகுல குதிச்சீங்க, முடிஞ்சு போச்சு. ரெண்டு பேருமா சேர்ந்துதான் என் கால எடுத்தீங்க."

பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் மடியில் போன் வெளிச்சமாகக் கிடந்ததைப் பார்த்தேன். நான் அதை அணைக்கவே இல்லை.

"ஜெகன்" என்றேன்.

டாக்டர் குரலில் பேசினான். "நூத்தியெட்டுக்காரங்க வந்ததும், தலையையும் இடுப்பையும் நேரா வச்சு, ஒண்ணாப் பலகைக்கு மாத்தச் சொல்லு. நான் தியேட்டர ரெடி பண்றேன்." வைத்துவிட்டான்.

அன்றைக்கே ஆபரேஷன். மூன்றாம் வாரம் திருமுருகன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தான் என்று அவன் பெண்டாட்டி வந்து சந்திரலேகாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெகன் வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

நாலாவது ஞாயிறு வந்தான். முகம் பாதியாகியிருந்தது. கூட ஒரு ஆஸ்பத்திரி ஆள். "இவர் இனிமே வாராவாரம் வந்து ஒன்னத் தூக்கி வைப்பாருண்ணே. முறையாப் பழகுனவரு" என்றான். என்னைத் தொடவில்லை. வாசற்படியிலேயே நின்றான்.

"ஒன் கைக்கு என்னடா கேடு?"

"விழுந்துடக் கூடாதுன்னு இறுக்கிப் பிடிச்சேண்ணே."

"எனக்குத் தெரியாதா. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க மாட்டானான்னுதான் அன்னைக்கு இருந்துச்சு."

"இத்தன வருஷம் ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நீ வர மாட்டேன்னுதான். இப்ப பாரு, மூணு வாரமா ஆளக் காணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்து தூக்குடா. இனிமே ஒடையறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

வந்தான். கட்டிலோரம் எனக்குப் பின்னால் நின்று, அக்குள் வழியாகக் கையைக் கொடுத்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தான். சந்திரலேகா குனிந்து, குதிகால் தரையில் இழுபடாமல் என் கால்களை ஏந்திக்கொண்டாள். என் முதுகில் அவன் முகம் பட்டது. பனியன் நனைந்தது.

நாற்காலி இரண்டடி தூரம்தான். அவன் என்னை இறக்கி வைக்கவே இல்லை.