நான் அசையவில்லை

2002 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, வலியசாலைத் தெருவில் இளவெயில் விழுந்திருந்தது. ஸ்டூலின் மேல் ஒரு செப்புக்குடத்தை நிறுத்தி, பத்தடி தள்ளி, காலமாகிவிட்ட சித்தப்பாவின் கேமராவுடன் நான் நின்றேன். எனக்கு வயது அறுபத்தொன்று. ஐம்பத்திரண்டு வருடமாக என்மேல் இருக்கும் ஒரு பழியைத் துடைக்கத்தான் இந்த ஏற்பாடு.

பால் கொண்டுவந்தவன் சைக்கிளை நிறுத்தினான். "குடத்துக்கும் போட்டோவா சாமீ?"

"குடம் அசையாது, கேட்டியா" என்றேன்.

பழி ஏற்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று கையில் இருக்க, இன்னொரு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸையும் வாங்கி வந்துவிட்டார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே அளவிலே ரெண்டு கரண்டி எதுக்குடா? திருப்பிக் குடுத்துட்டு வா."

"அளவு ஒண்ணுதான் அண்ணா, ஆழம் வேறயாக்கும். பழசு ஆளையும் தெருவையும் ஒரே தாள்லே ஒட்டிடும். புதுசு ஆளை மட்டும் முன்னாலே இழுத்துண்டு வரும்."

அதைப் படத்தில் காட்டினால் லென்ஸ் வீட்டில் தங்கலாம், இல்லையென்றால் கடைக்குப் போகவேண்டும் என்று அப்பா தீர்ப்பளித்தார். முன்னால் இழுத்துவரப்பட வேண்டிய ஆளாக நான் தேர்வானேன். தெரு நடுவில் நிறுத்தி, மூச்சுக்கூட விடக்கூடாது என்றார் சித்தப்பா. நான் விடவில்லை.

அந்தக் கேமராவின் ஜன்னலில் பார்த்தால் தெரு முழுவதும் தெளிவாகவே தெரியும். நடுவிலுள்ள சின்ன மஞ்சள் கட்டத்துக்குள் மட்டும் உருவம் இரண்டாக நிற்கும். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். யாரைச் சேர்க்கிறோமோ அவர்தான் படத்தில் துல்லியமாக விழுவார். அது யார் என்பது எடுப்பவருக்கு மட்டுமே தெரியும்.

படங்கள் வந்தன. பழைய லென்ஸில் நான் நன்றாக இருந்தேன். பின்னால் தெருவும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. புது லென்ஸில் நான் இட்லிப் பானையின் ஆவிக்குள் நிற்பவனைப்போல் இருந்தேன்.

"லென்ஸ் சொத்தை" என்றார் அப்பா.

"லென்ஸுக்கு ஒண்ணுமில்லை அண்ணா. இவன் அசைஞ்சுட்டான்."

நான் அசையவில்லை என்று அழுதேன். ஒன்பது வயதுப் பையன் அசையாமல் நின்றான் என்பதை எந்த அப்பா நம்புவார்? லென்ஸ் தப்பியது. நான் மாட்டிக்கொண்டேன்.

அம்மா மட்டும் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "பின்னாடி நன்னாத்தான் விழுந்திருக்கு" என்றாள். சித்தப்பா அவசரமாகத் தண்ணீர் குடிக்கப் போனார். வெள்ளிக்கிழமை அம்மா வெற்றிலை பாக்குடன் எங்கள் தெருவிலேயே இருந்த நாலாம் வீட்டுக்குப் போனாள். என் பழியைப் பற்றிப் பேசத்தான் போகிறாள் என்று நினைத்து நான் வாசலில் காத்திருந்தேன். திரும்பி வந்தவள் கையில் ஒரு ஜாதகம் மட்டும் இருந்தது. தை மாதம் நாலாம் வீட்டு அக்கா எனக்குச் சித்தியானாள். அதற்குப் பிறகும் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் சித்தப்பா என்னைக் காட்டி, "இவனுக்கு ஒரு நிமிஷம் அசையாம நிக்கத் தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

இப்போது குடத்தை அந்தப் புது லென்ஸிலேயே இரண்டு முறை எடுத்தேன். முதலில் மஞ்சள் கட்டத்தில் குடத்தைச் சேர்த்தேன். குடம் பளிச்சென்று விழுந்து, தெரு பின்னால் கரைந்தது. அடுத்ததில் நாலாம் வீட்டு வாசற்படியைச் சேர்த்தேன். வாசற்படி துல்லியமாக இருந்தது. குடம் ஆவிக்குள் போயிற்று. என்னைப் போலவே.

இரண்டையும், நான் ஆவிக்குள் நிற்கும் அந்தப் பழைய படத்தோடு சேர்த்துச் சித்தியிடம் காட்டினேன். பழைய படத்தில் என் தோளுக்குப் பின்னால், கையில் கோலப்பொடிக் கிண்ணத்துடன், தலையிலிருக்கும் மல்லிகையை எண்ணிவிடக்கூடிய தெளிவில் அவள் நிற்கிறாள்.

"பாத்தேளா சித்தி? நான் அசையவேயில்லை."

சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமேடா. அன்னிக்கு மூச்சைப் பிடிச்சுண்டு நின்னது நீ மட்டுமா என்ன?"

பிலிம், கழுவிய கூலி, பிரதிகள், சித்தி வீட்டுக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்து இருநூற்று எண்பத்தேழு ரூபாய்.