லாந்தருக்குப் பின்னால் ஒரு கொளுக்கி

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பீலெஃபெல்டில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில், அப்படித் தானே வளரட்டும் என்று விடப்பட்ட பிள்ளை நான். அம்மா டாகெஸ்முட்டராக இருந்தார். வேலைக்குப் போகும் ஜெர்மன் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் அவருடைய தொழில். அதற்கு முன்பு அவர் விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். நான் கண் விழிக்கும்போது வீட்டில் அம்மா இருக்கமாட்டார். எங்களோடு வீட்டில் இருக்கலாமே என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தார். வந்தபின் வீட்டில்தான் இருந்தார். எங்களோடு இருந்தாரா என்பது வேறு கதை.

தம்பி கிண்டர்கார்டன் போய்விடுவான். நான் இரண்டாம் வகுப்பு முடிந்து மத்தியானம் வந்து மணியடிக்காமல் மெல்லத் தட்டுவேன். அம்மா கதவைத் திறந்து முதல் வேலையாக விரலை உதட்டில் வைப்பார். உள்ளே மூன்று குழந்தைகள் தூங்குவார்கள், அல்லது தூங்கப் போவார்கள், அல்லது இப்போதுதான் ஒருவாறு தூங்கியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் நான் சப்பாத்தோடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவேன். இந்த லட்சணத்தில், அவர்களில் கடைக்குட்டியான லேயோன் என் அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிடுவான். அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லேயோனால்தான் எல்லாம் வந்தது. கட்டிலில் போட்டால் முகம் நாவற்பழ நிறமாகும்வரை கத்துவான். மற்ற இரண்டும் எழும்பிவிடும். ஒரு மத்தியானம் அம்மா வேறு வழியில்லாமல் அலுமாரியைத் திறந்து ஒரு பழைய நூல் சேலையை எடுத்து, தம்பி பிறந்தபோது அப்பா கூரையில் போட்ட கொளுக்கியில் ஏணை கட்டினார். லேயோனை உள்ளே கிடத்தி நாலு தரம் ஆட்டினார். கதை முடிந்தது. அன்றிலிருந்து அந்தத் துரைக்கு ஏணை இல்லாமல் கண் மூடாது.

ஆனால் அம்மா படித்த பயிற்சியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்களாம்: குழந்தை அசையாத, தட்டையான கட்டிலில்தான் தூங்கவேண்டும், தொங்குகிற எதுவும் ஆகாது. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவதற்கு முன்னமே சேலை அலுமாரிக்குள் போய்விடும்.

பங்குனி மாதத்தில் நாள் குறித்து டேர்மின் கடிதம் வந்தது. குழந்தை பார்க்கும் அனுமதியைப் புதுப்பிக்க சிறுவர் நல அலுவலகமான யூகன்ட் அம்டிலிருந்து ஒரு அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார் என்றார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மின்செருகிகளுக்கு மூடி போட்டார், மிளகாய்த்தூளைப் பூட்டி வைத்தார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால் கூரையில் கொளுக்கி. இரும்பு மரையாணி, லேசில் கழற்ற வராது. கார்த்திகையில் மார்ட்டின் திருநாளுக்குப் பள்ளிக்கூடத்தில் நான் செய்த முள்ளம்பன்றி லாந்தரை அப்பா அதில் மாட்டினார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறம்" என்று சிரித்தார்.

"உங்களுக்கு எல்லாம் பகிடி. அனுமதி போச்செண்டால் நான் திரும்பவும் விடியக் காலமை கிளீனிங்குக்குப் போகவேணும். பிள்ளையளை ஆர் எழுப்புறது?" அம்மா என்னிடம் திரும்பினார். "ஆரும் கேட்டா, லாந்தர் கொழுவத்தான் எண்டு சொல்லு. கேக்காட்டி வாயைத் திறக்காதை. விளங்கிச்சோ?"

விளங்கியது. விடியற்காலையில் இருட்டு வீட்டில் தம்பியின் மூச்சைக் கேட்டபடி படுத்திருந்தது எனக்கு நினைவிருந்தது. அது திரும்பி வரக்கூடாது. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை முணுமுணுத்தேன். கணக்குப் பாடத்திலும் அதையே முணுமுணுத்தேன்.

மத்தியானம் வந்த அதிகாரி நரைமுடியுள்ள, மெதுவாகப் பேசும் பெண். அவர் கோபக்காரராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். எல்லா அறையையும் பார்த்தார், தலையாட்டினார். மற்ற இரண்டும் நல்ல பிள்ளைகளாகத் தூங்கிவிட்டன. லேயோன் மட்டும் கட்டிலில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கூரைக்கு நீட்டி "அம்மா! அம்மா!" என்று அழுதான். அவனுக்கு லாந்தர் பிடித்திருக்கிறது போல என்றார் அதிகாரி. அம்மா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு அதிகாரி மேசையடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மா நாள் முழுக்கச் சின்னவர்களோடு இருக்கிறார். உனக்கு அது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார்! ஆரும் கேட்டால் சொல் என்று அம்மா சொன்னாரே. "அந்தக் கொளுக்கி லாந்தருக்கு மட்டும்தான்" என்றேன், மூச்சு விடாமல்.

அதிகாரி என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கையை நீட்டிக்கொண்டு நிற்கும் லேயோனைப் பார்த்தார். ஐயோ, எல்லாம் போச்சு, நாளைக்கே அம்மா இருட்டோடு போகப்போகிறார் என்று நினைத்தேன்.

அம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. "அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றார். லாந்தரைக் கழற்றி ஏணையைக் கட்டி, லேயோனை உள்ளே போட்டார். விம்மி விம்மி இரண்டே ஆட்டில் தூங்கிப்போனான். அதிகாரி சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு நாள் கொளுக்கி கழன்றால் என்ன செய்வீர்கள், இதை எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்றார். வாசலில் சப்பாத்தை மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, "உங்கள் மகள் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை" என்றது எனக்குக் கேட்டது. தண்டனை எனக்கும் சேர்த்துத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

பின்னேரம் அப்பா ஏணியும் குறடுமாக வந்தார். அம்மா, "இருங்கோ, ஒருக்கால்" என்று மறித்தார். சேலையை மறுபடி கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து, என்னைப் பார்த்து "ஏறு" என்றார்.

"ஏழு வயசு எருமை! கூரையோடை வரப்போகுது" என்றார் அப்பா.

ஏறினேன். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சேலை முழுக்க லேயோனின் பால் மணம். அம்மா ஒரு கையை என் முதுகுக்குக் கீழே பிடித்தபடி ஆட்டினார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! ஆட்டிக்கொண்டே, "அவ கேட்டதுக்கு நீ ஒண்டும் சொல்லேல்லை. உனக்குக் கஷ்டமோ, குஞ்சு?" என்று கேட்டார்.

பதில் சொன்னால் ஆட்டுவது நின்றுவிடும். நான் கண்ணை மூடித் தூங்கிவிட்டவள் மாதிரிக் கிடந்தேன். அம்மா இன்னும் கொஞ்சம் ஆட்டினார். பிறகு அப்பா கொளுக்கியைக் கழற்றினார்.

அதிகாரி சொன்னபடி வந்து பார்த்துப் போனார். அனுமதியும் வந்தது. லேயோன் கட்டிலில் தூங்கப் பழகும்வரை அம்மா அவன் முதுகில் கை வைத்தபடி குனிந்தே இருந்து இடுப்பு வலி வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு குழந்தையும் வரவில்லை. என் வாயால் வந்த வினை, அதிகாரி ஒரு நாளை வெட்டிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை அம்மா கதவைத் திறக்கும்போது விரல் உதட்டில் இருக்காது. "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன நடந்தது?" என்று கேட்பார். குற்றவாளியான நான் ரகசியக் குரலிலேயே பதில் சொல்வேன்.

போன மாதம், என் மகளை முதல்முறையாக ஒரு டாகெஸ்முட்டரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அழுகையை மறைக்கப் பழைய கதை பேசினேன். நான் வாயை விட்டதால்தானே அந்த மனுசி வெள்ளிக்கிழமையை வெட்டினவ என்று கேட்டேன்.

"ஆர் வெட்டினது?" என்றார் அம்மா. "அவ ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் வெள்ளிக்கிழமை ஏலாது எண்டு தாய்மாருக்குச் சொன்னனான். நீ அண்டைக்கு ஏணைக்குள்ளை பேசாமல் கிடந்தனீ எல்லோ."