புளி போட்டுத் துலக்கிய பதக்கங்கள்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நால்வர் நான் பெற்றவர்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் என் தம்பி. தம்பியைப் பெற்ற மறு வருஷமே அம்மா காய்ச்சலில் போய்விட்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. அன்றைக்கு என் இடுப்பில் ஏறியவர், பட்டாளத்துக்கு ரயில் ஏறுகிறவரைக்கும் என் பிள்ளையாகத்தான் இருந்தார்.

கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "அவன், இவன்னு சொல்லாதீங்க அப்பத்தா, நினைவு மலர்ல மரியாதையாப் போடணும்" என்றாள். எனக்கு வாயில் அவன் என்றுதான் வருகிறது. இருந்தாலும் நாட்டுக்காகப் போனவர். இதில் அவர் என்றே இருக்கட்டும்.

தம்பி பிறந்தது கன்னிவாடி மலையடிவாரத்தில், எங்கள் அப்பாவின் காட்டுக்குள் இருந்த ஓட்டு வீட்டில். மொச்சையும் வெங்காயமும் போடுவோம். மழை ஏமாற்றினால் கேழ்வரகுக் கூழ்தான். அதற்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கேட்டு அழாத பிள்ளை அவர். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக மாட்டார், ஓடுவார். திரும்பி வரும்போதும் ஓட்டம்தான். நாய் விரட்டுகிறதோ என்று பார்த்தால் பின்னால் ஒன்றும் இருக்காது.

எனக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் கல்யாணம் ஆனபோது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தேன். "பொண்ணு ஒண்ணுன்னு சொன்னாக, ரெண்டு உருப்படி வந்திருக்கு" என்று மாமியார் சிரித்தார்கள். சிரித்தார்களே ஒழிய, ஒரு நாளும் அவருக்குச் சோறு குறைத்துப் போட்டதில்லை. தம்பியும் சும்மா இருக்க மாட்டார். விடியுமுன் குழாயடிக்குப் போய் எங்கள் வீட்டுக்கும், அடுத்த வீட்டில் தனியாக இருந்த கண் தெரியாத அம்மாவுக்கும் தண்ணீர் எடுத்து ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். அவர் பட்டாளத்துக்குப் போன பிறகு அந்த அம்மா வெறுங்குடத்தைத் தட்டிக்கொண்டே, "எங்கடி அந்த ஓட்டக்காரப் பய?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

திண்டுக்கல்லில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தார். எடைதான் குறைந்தது. மறுநாள் வரச் சொன்னார்களாம். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சிறுமலைப் பழம் ஒரு தார் வாங்கி வந்து முன்னால் வைத்தார்.

"தின்னுடா மாப்ள. வாந்தி மட்டும் எடுத்துறாத, எடை போயிரும்."

"மாமா, இதுக்குத் துப்பாக்கிக் குண்டே தேவலாம் போல."

மறுநாள் எடை சரியாகிவிட்டது. அன்றோடு அந்த வீட்டில் யார் வாழைப்பழம் கொண்டு வந்தாலும் தம்பி எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

காலாட்படையில் சேர்ந்து இரண்டு தடவை லீவில் வந்தார். முதல் தடவை வந்தபோது கன்னத்து எலும்பு தெரிந்தது.

"என்னடா இப்படி எளச்சுட்ட?"

"எளைக்கலக்கா. இறுகியிருக்கேன்."

அதுதான் தம்பியின் பேச்சு. குறை சொல்லத் தெரியாதவர்.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் கிழக்கே போனார். தந்திதான் வந்தது. உடம்பு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர்கூட இருந்த நத்தத்துப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் எங்களைத் தேடி வந்து அப்பா முன்னால் உட்கார்ந்து சொன்னார். வயல்காட்டில், முழங்கால் சேற்றில், முன்னால் இருந்தவர்களுக்குக் குண்டு தீர்ந்துபோனதாம். குண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் போவது என்று கேட்டபோது, தம்பி கேள்வி முடியுமுன் எழுந்துவிட்டாராம். இரண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். திரும்பத்தான் வரவில்லை. "அந்தப் பெட்டி வரலேன்னா நான் இன்னிக்கு இங்க ஒக்காந்திருக்க மாட்டேன் ஐயா" என்று அவர் அழுதார். அப்பா அழவில்லை. "சேத்துல கூட ஓடுனானா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ரொம்ப நாள் கழித்துத் தபாலில் பதக்கங்கள் வந்தன. ஒன்று நட்சத்திரம் போல, ஒன்று வட்டமாக. அப்பா அவற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். "நீதான வளத்த தாயி. நீயே வச்சுக்க."

அன்று முதல் அவை என் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. நான் துலக்கவே இல்லை. பதக்கம் என்றால் பட்டாளத்துக்காரர் நெஞ்சில் குத்திக்கொள்வது. தம்பி இவற்றைக் குத்திக்கொண்டு நின்றிருப்பார், அவர் வேர்வை இவற்றில் ஊறியிருக்கும் என்பது என் எண்ணம். என் வீட்டுக்காரர் ஒரு தடவை அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து துடைக்கப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவரவர் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவார்கள். எங்கள் தம்பிக்குக் கல்லறை ஏது? கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் டப்பாவைத் திறந்து வைத்து, மெழுகுவர்த்தி எரிந்து முடிந்ததும் மூடி எடுத்துக்கொண்டு வருவேன். இரண்டும் கறுத்துக் கரியாகிவிட்டன. ரிப்பன் இற்று உதிர்ந்துவிட்டது. அந்தக் கறுப்பும் தம்பியுடையது என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் என் மூத்த மகன் மதுரையிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தான். பழைய பதக்கங்களைத் தேடிச் சேர்த்து வைக்கிறவர். விலைக்குக் கேட்கிறார் என்றான். எனக்குச் சுருக்கென்றது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்துதான் பேசினான்.

"அம்மா, ஒனக்கப்பறம் இத யாரும்மா பாப்பா? எம்புள்ளைக ஊர் ஊராப் போயிருங்க. டப்பாவோட எங்கயாச்சும் தொலஞ்சு போகும். சார்கிட்ட இருந்தா கண்ணாடிக்குள்ள மாமா பேரோட இருக்கும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தம்பிக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. எனக்குப் பிறகு அவரை நினைக்க ஓர் இடம் வேண்டுமே. மனசு இரண்டாகித்தான் டப்பாவைத் திறந்தேன். வந்தவர் துணியில் ஏந்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பிரமாதமா வச்சிருக்கீங்கம்மா. தொலக்கவே இல்ல, பாருங்க" என்றார்.

"எப்படித் தொலக்குவேன்? அவன் நெஞ்சுல கெடந்ததாச்சே."

அவர் தலையை நிமிர்த்தினார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. "அம்மா, இது ரெண்டும் அந்தப் போருக்காகப் பின்னாடி அடிச்சுக் குடுத்தது. அவரு... இதப் பாத்திருக்கவே மாட்டாரும்மா."

தம்பி தொட்டது என்று நான் பொத்தி வைத்ததில் தம்பியின் விரல்கூடப் பட்டதில்லை. வெறும் அழுக்கு.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். புளியைக் கரைத்தேன். தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து நட்சத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். அந்த மனிதர் பதறி எழுந்துவிட்டார்.

"அய்யய்யோ, தொலக்காதீங்கம்மா! அந்தக் கறுப்பு இருந்தாத்தான் மதிப்பு. வெலை பாதியாப் போயிரும்!"

"விக்கிறவளுக்குத்தான சார் வெலை" என்றேன்.

மகன், "அம்மா, கொஞ்சம் பொறு" என்றான். "அம்பது வருசத்துக்கு மேல பொறுத்துட்டேன், நீ செத்த நேரம் பொறு" என்றேன்.

கறுப்பு வழிய வழிய, நட்சத்திரத்தின் முதுகிலும் வட்டத்தின் விளிம்பிலும் எழுத்துகள் தெரிந்தன. இங்கிலீஷ் எழுத்து. பேத்தி என் விரலைப் பிடித்து அதன்மேல் ஓட்டினாள். முதலில் நம்பர், அப்புறம் தம்பியின் பெயர். இத்தனை வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அந்த மதுரைக்காரர் நல்லவர். அதற்குப் பிறகு விலை பேசவில்லை. போகும்போது மகனிடம், போரில் இறந்தவருடைய பதக்கத்தை ரத்த உறவுக்காரர்கள் குத்திக்கொள்ளலாம், ஆனால் வலது பக்கத்தில்தான் குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அதே நிறத்தில் புது ரிப்பன்கள் அனுப்பியிருந்தார்.

அப்பாவின் கல்லறையை ஒட்டித் தம்பியின் பெயரில் இன்று கல் நடுகிறோம். அதற்காகத்தான் இந்த மலர். இதை உங்கள் கையில் கொடுக்கும்போது என் சேலையின் வலது பக்கம் பாருங்கள். கிழவிக்கு ஏன் இந்த வேஷம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். தம்பி போட்டுப் பார்க்காததை நான் போட்டிருக்கிறேன். எனக்குப் பிறகு கல்லறைத் திருநாளுக்குப் பேத்தி போடுவாள். அவளுக்குப் பிறகு அவள் பிள்ளை போடும். என் மகன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவனும் சரி என்றுவிட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கித் தந்த பங்குச் சாமியாருக்கும், பெயரை ஆழமாக வெட்டிக் கொடுத்த கல் ஆசாரிக்கும், அன்று எங்களைத் தேடி வந்து தம்பியின் கடைசி ஓட்டத்தைச் சொன்ன பட்டாளத்துக்காரருக்கும் அவர் பிள்ளைகளுக்கும், ரிப்பன் தந்த மதுரைக்காரருக்கும், தம்பிக்குச் சோறு போட்டு இப்போது மேலே அவர் பக்கத்தில் இருக்கும் என் மாமியாருக்கும் என் கும்பிடு. வெயிலென்று பாராமல் வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

எழுதிட்டியா தாயி? அப்ப மொதல்ல இருந்து வாசி, கேக்குறேன். தம்பி ஓடுற எடம் வந்தா மட்டும் வேகமா வாசிக்காத.