மூடி படியாத லேப்டாப்

1. எக்ஸ்சேஞ்சுக்கு வந்தது

திருத்தணியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் ஷோரூமில் நான் சீனியர் சேல்ஸ். மிக்ஸி, கிரைண்டரில் ஆரம்பித்து இப்போது லேப்டாப் கவுன்டரில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். விற்பனையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. நடந்து அதிக நாள் ஆகவில்லை.

கிருத்திகை கூட்டம் கலைந்த மறுநாள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கனகம்மாசத்திரத்தில் டிபன் கடை வைத்திருக்கும் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்து கவுன்டரில் வைத்தார்.

"இத்த எடுத்துக்கினு புச்சா ஒண்ணு குடும்மா. மூடி மட்டும் படிய மாட்டேங்குது. மத்தபடி நல்லா கீது."

சர்வீஸ் பார்க்கும் ஏழுமலை அந்தப் பக்கம் போனவர் நின்றார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார்.

"அண்ணா, கைய எடுங்க. பேட்டரி உப்பிகினு கீது."

"உப்புதா? இன்னாப்பா, பூரியா அது?"

"பூரில ஓட்டை போட்டா ஆவி வரும்ணா. இதுல ஓட்டை விழுந்தா நெருப்பு வரும். மேல ஏதாச்சும் பாரம் வெச்சீங்களா?"

"சேச்சே, இல்லப்பா."

ஏழுமலை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் போனார். டிபன் கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மகள் மோனிகா சொன்னது காதில் கேட்டது.

"அம்மா, லேப்டாப் மூடி படியலம்மா. டச்பேடும் அழுத்த வரல."

பஸ் வந்துவிட்டது. என் கணவர்தான், "நீ கெளம்பு. நான் படிய வெக்கிறேன்" என்றார்.

நாங்கள் இருப்பது ஆர்.கே.பேட்டை. வீட்டின் பின்கட்டில் அவர் பவர்லூம் ஓட்டுகிறார். படிய வைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மடித்த லுங்கி படியாவிட்டால் துணியில் சுற்றி மேலே பாரம் ஏற்றுவார். பாவு நூல் தளராமல் இருக்கத் தறியில் தொங்கவிடுகிற இரும்பு எடைகள்தான் அந்தப் பாரம்.

2. எடுக்காத போன்

கணவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. மகளுக்குப் போட்டேன். அவள் பரீட்சைக்குப் படிக்கும்போது காதில் பஞ்சை அடைத்து, போனை சைலன்ட்டில் போட்டுவிடுவாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. யாருக்குப் போட்டாலும் அதே கதைதான். மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், லஞ்ச்ல போய்ட்டு வாங்களேன்" என்றார் மேனேஜர்.

"சார், அது என் பொண்ணு கட்டில்ல இருக்கும் சார்."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஏழுமலை வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். "ஏறுக்கா."

வழியெல்லாம் அந்த லேப்டாப்பை நான் தேர்ந்தெடுத்த நாள்தான் நினைவில் ஓடியது. எங்கள் வீட்டுக்கு அது முதல் லேப்டாப். எட்டு ஜிபி ரேம் போதும், எஸ்எஸ்டி இருக்க வேண்டும், மகள் தூக்கிக்கொண்டு போக எடை குறைவாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கஸ்டமருக்கு எடுத்துக்கொடுப்பதைவிட அதிகமாகவே பார்த்தேன். அதன் காற்றுத் துளைகள் அடியில் இருப்பதையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் காற்றோடு பஞ்சும் பறக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை. கரண்ட் போய்ப் போய் வருவதால் மகள் அதை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருந்தாள். அதுவும் மெத்தைமேல்.

3. கட்டில்

வீட்டுக்குள் ஓடினேன். மோனிகா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். அவள் முகத்துக்கு எதிரே துணிச் சுருள். அதன்மேல் மூன்று இரும்பு எடைகள். அந்த எடைகளின்மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இன்னைக்கி கடை இல்லையா?"

நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "விடும்மா, வலிக்குது! பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள்.

ஏழுமலை எடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே வைத்தார். துணியைப் பிரித்ததும் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை வாசல் வரை வந்தது. லேப்டாப்பின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. ஒரு பலகையில் நகர்த்தி, வாசலோரம் வீடு கட்டி மிஞ்சிய மணல்மேல் கொண்டுபோய் வைத்தார்.

"தள்ளுக்கா, தள்ளு!"

நாங்கள் தெருப் பக்கம் வருவதற்குள் உஸ்ஸென்று சத்தம். வெள்ளைப் புகை. பிறகு நெருப்பு. அடுப்பு நெருப்பு மாதிரி இல்லை, பீறிக்கொண்டு வந்தது. மோனிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குழந்தையாக இருந்தபோது பிடித்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

நாற்றம் தறி வரைக்கும் போயிருக்க வேண்டும். என் கணவர் ஓடி வந்தார்.

"யார்ரா அது, வூட்டு வாசல்ல கொளுத்துறது?"

ஏழுமலை நடந்ததைச் சொன்னார். என் கணவர் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார். தலையணை, புத்தகம், தரையில் எடைகள். திரும்பி வந்து மணலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"படியத்தானே வெச்சேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நைனா, எனுக்கு ஒண்ணும் ஆவல நைனா. இத்தோ பாரு" என்று மகள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

ஆறிய பிறகு ஏழுமலை குச்சியால் அதைக் கிளறினார். கருகாமல் மிஞ்சிய ஒரு மூலையில், ஃபேன் இருந்த இடத்தில் பஞ்சு திரி மாதிரி அடைத்துக் கிடந்தது. "சூடு வெளிய போவவே வழியில்லக்கா."

4. இப்போது நான் கேட்பது

முதல் லேப்டாப் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், ரேம் கேட்பார்கள். நீங்கள் அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: வீட்டில் எங்கே வைத்துப் பயன்படுத்துவார்கள்? மெத்தைமேலா, மேஜைமேலா? தறி உண்டா, மாவு மில் உண்டா? பில் போடும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள். மூடி படியவில்லை என்றால் அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், கடைக்கு போன் பண்ணுங்கள்.

போன வாரம் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டார்: "லேப்டாப் வாங்க வந்தா வூட்டப் பத்தியே கேட்டுகினு கீறியே, பொண்ணு பாக்க வரப் போறியா?"

"ஆங், பொண்ணுக்காகத்தாங்க கேக்குறேன்" என்றேன்.

மோனிகாவுக்கு வேறு லேப்டாப் வாங்கியாயிற்று. முன் அறையில் மேஜைமேல் இருக்கிறது. அவள் வேலை முடித்து மூடியதும் என் கணவர் தறியை நிறுத்திவிட்டு வருவார். குனிந்து பக்கவாட்டில் பார்ப்பார்.

"படிஞ்சிச்சி நைனா" என்பாள்.

அவர் அதைத் தொடுவதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பார். அவர் போன பிறகு நான் போய்ப் பார்ப்பேன்.