வெள்ளம் என்று எழுதிய குப்பிகள்

டாக்டர் மங்கலம் திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றில் வாழும் பாக்டீரியாக்களை இருபத்திரண்டு வருடம் ஆராய்ந்தார். அவற்றுக்கு அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இருந்ததாகத் தெரியவில்லை. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக் குடும்பத்தில் பிறந்த பெண்மணி. டாக்டர் என்று கேள்விப்பட்டு ஜலதோஷத்துக்கு மருந்து கேட்டு வருபவர்களிடம், “நான் கிருமிக்க பக்கமாக்கும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் அதே நிறுவனத்தில், அடுத்த அறையில், வேதியியல் பார்த்தவன். ஆற்றிலிருந்து குப்பிகள் வரும். அவர் வடிகட்டி, தட்டில் வளரவிட்டு, முளைத்த புள்ளிகளை எண்ணுவார். முடித்ததும் அடுத்த குப்பிகள் வரும். கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. அதற்காக அவர் வருத்தத்தைக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் வருத்தம் இருந்தது.

குப்பிகளைக் கொண்டுவருபவர் அட்டெண்டர் வேலாயுதன், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். ஒரு நாள் ஒரு குப்பியில் மேலே ஓடும் நீரையும் மறுநாள் இன்னொன்றில் அடியில் கிடக்கும் சேற்றையும் எடுத்து, உள்ளே இருப்பதை வெளியே எழுதி ஒட்டுவார். தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்பதால் தமிழில்தான் எழுதுவார். ஒன்றில் ‘வெள்ளம்’, மற்றதில் ‘சேறு’.

இந்த நேரத்தில்தான் விருதுநகரிலிருந்து வன்னியராஜ் என்ற ஆராய்ச்சி மாணவர் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர். இரண்டு வருடக் குப்பிகளின் விவரத்தையெல்லாம் ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் ஏற்றினார். திருவனந்தபுரத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். விருதுநகரில் அது ஊரை அடித்துக்கொண்டு போவது. அவர் தன் ஊர் அர்த்தத்தில் ஏற்றினார். ஆரஞ்சு நிறப் பாக்டீரியா ஒன்று ‘வெள்ள’க் குப்பிகளில் மட்டும் இருந்தது. சேற்றுக் குப்பிகளில் இல்லை. ஆக, வெள்ளப்பெருக்கில் தோன்றி, வெள்ளம் வடிந்து சேறானதும் மறைந்துவிடும் ஓர் உயிர். தேதிகளைச் சரிபார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தார். இந்த ஊரில் எந்தத் தேதியைத் தொட்டாலும் மழை பெய்திருக்கும்.

வீட்டில் மூன்று நேரமும் சீரக வெள்ளம் குடிக்கும் மங்கலம் ஆங்கில அட்டவணையைத்தான் பார்த்தார். பார்த்ததும் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வெளியானது. பழவங்காடிப் பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் உடைத்தார். அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். முடிவு தெரிந்துவிட்ட மாதிரி எல்லோரும் முன்கூட்டியே வாழ்த்தினார்கள்.

பாராட்டுக் கூட்டத்தில் மங்கலம் தமிழும் மலையாளமுமாக அந்த வெள்ளப்பெருக்கை விவரித்தார். கடைசியில் வடையும் சாயாவும். தட்டை நீட்டிய வேலாயுதன், அந்த ஊர் வழக்கப்படி அவரை டீச்சர் என்று கூப்பிடுபவர், மெதுவாகச் சொன்னார்:

“டீச்சரே, அன்னைக்கெல்லாம் ஆத்துல முட்டளவுதானே கெடந்தது. வெள்ளப்பொக்கம்னா நான் வெள்ளப்பொக்கம்னுல்லா எழுதியிருப்பேன்?”

மங்கலம் வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

மறுநாள் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் நல்ல மனிதர், யாருக்கும் கஷ்டம் வரக்கூடாது என்று நினைப்பவர். யாருக்கும் என்பதில் அட்டெண்டர்கள் சேரமாட்டார்கள். லேபிள் எழுதியவரின் பிழை என்று பத்திரிகைக்கு ஒரு வரி, வேலாயுதனுக்கு ஒரு மெமோ, அதோடு முடிந்தது என்றார். வேலாயுதனுக்கு ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. மெமோ கொடுத்தால் பென்ஷன் காகிதம் எந்த மேசையில் படுத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்லமுடியாது.

மங்கலம் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அந்த நாள் முழுவதும் அறைக்குள்ளேயே இருந்தார், ஒரு புள்ளியைக்கூட எண்ணவில்லை. அவர் இயக்குநர் சொன்னபடி செய்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன். சாயங்காலம் அவர் அனுப்பிய கடிதத்தில், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், லேபிள்கள் சரியாகவே எழுதப்பட்டிருந்ததாகவும், தவறாகப் படித்தது தானே என்றும் இருந்தது. வன்னியராஜின் பெயரை அதில் தேடினேன். இல்லை.

நேர்முகம் நடந்தது. பதவி வேறொருவருக்குப் போனது. விஷயம் தெரிந்து வேலாயுதன் வந்தபோது நானும் மங்கலத்தின் அறையில் இருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

“தண்ணின்னு எழுதியிருந்தா இந்தக் கொழப்பம் ஒண்ணும் வந்திருக்காதே, டீச்சரே. நானாக்கும் கெடுத்தது.”

“இல்ல அண்ணே. நீங்க கண்டத எழுதினீங்க. நான் ஆசப்பட்டத வாசிச்சேன்.”

சொல்லிவிட்டு மங்கலம் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். வேலாயுதன் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.