டஸ்ட்டுப் பாட்டு

போன வாரம் என் லேப்டாப் கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டது. பதுளை டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திருத்துகிறவர் உள்ளே இருந்ததையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே, "அக்கா, ஒரே பாட்டு ஏழெட்டுத் தடவ கெடக்கு. அழிச்சிரவா? எடம் மிச்சமாகும்" என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். ஒரே சேலையில் எட்டு வாங்கி அடுக்கி வைத்திருக்கும் பெண்ணைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அவரிடம் என்ன சொல்வது? உங்களிடம் சொல்லலாம், உங்களுக்கு நேரம் இருக்கிறது.

கழற்றி வைத்திருந்த கம்ப்யூட்டரிலிருந்து சூடேறிய தூசியின் வாசம் வந்தது. எனக்கு அந்த வாசம் பட்டாலே எங்கள் தோட்டத்து ஸ்டோர் ஞாபகம் வந்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சன்னல் விளிம்பு, பல்பு, ஆட்களின் புருவம், எல்லாவற்றிலும் பழுப்பாகத் தேயிலைத் தூள் படிந்திருக்கும். என் அண்ணன் அங்கே ரோலரில் நின்றார். வாடிய கொழுந்தை உருட்டி நசுக்குகிற மெஷின் அது. அவர் வீட்டுக்கு வந்தால் சட்டையில், முடியில், பாயில் எல்லாம் அந்த வாசம் ஒட்டியிருக்கும். சத்தமாகப் பேசுவார். ரோலர் பக்கம் நிற்கிற எல்லாருமே சத்தமாகத்தான் பேசுவார்கள். நாங்கள் அதை அவர்களுடைய குணம் என்று நினைத்திருந்தோம்.

அப்பா போன பிறகு என்னைக் கொழுந்து பறிக்க அனுப்பாமல் படிக்க வைத்தவர் அண்ணன். தனக்கென்று எதையும் கேட்காத மனிதர். கேட்டது ஒரே ஒரு பாட்டு.

பழைய சினிமாப் பாட்டு. பெயரைச் சொன்னால் நீங்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது நின்றுவிடும். அதன் நடுவில் ஓரிடத்தில் வயலின்கள் எல்லாம் ஓய்ந்து, ஒரு சலங்கை மட்டும் நாலைந்து அடி நடந்து தூரமாகப் போகும். அவ்வளவுதான். அந்த நாலைந்து அடிக்காகத்தான் அண்ணன் முழுப் பாட்டையும் கேட்பார். வாலிபத்தில் ரேடியோவில் கேட்டது, பிறகு கேசட்டில் கேட்டது. அந்தக் கேசட் ஒருநாள் செட்டுக்குள் சிக்கி நாடா வெளியே வந்துவிட்டது. பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், சரிவரவில்லை. அன்றைக்கு அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மதினி இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

படிப்பு முடிந்ததும் நான் பதுளையில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் சேர்ந்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, பிறகு மெமரி காட்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது. பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் "எத்தன பாட்டுப் புடிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே நாங்களும் பாட்டுகளைச் சுருக்கிச் சுருக்கித் திணிப்போம். அப்படித்தான் அண்ணனுடைய பாட்டையும் இணையத்திலிருந்து இறக்கி, ஒரு மெமரி காட்டில் போட்டு, பெரிய சாதனை செய்தவள் போல ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அண்ணன் போனைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார். "சலங்கை எங்க தங்கச்சி?"

நான் விளக்கம் சொன்னேன். எம்பித்ரீ என்பது சுருக்கிய பாட்டு, காது கவனிக்காத சத்தங்களை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்று. கடையில் கேட்டது பாதி, என் கற்பனை பாதி. அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"அப்ப இது சல்லடையில கீழ விழுந்தது. டஸ்ட்டு."

"ஆமாண்ணே, அந்த மாதிரிதான்."

"நமக்கு எப்பவும் டஸ்ட்டுதான. நல்லதெல்லாம் கப்பல் ஏறிரும்."

நல்ல இலை கொழும்புக்குப் போய்க் கப்பல் ஏறும், எங்கள் லயத்து வீட்டுக் கோப்பைகளில் தூள்தான் விழும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்த மனிதருக்கு, நல்ல பாட்டும் எங்கேயோ வெளிநாட்டில் பத்திரமாக இருக்கிறது, நமக்கு வந்தது மிச்சம்தான் என்று நம்புவதில் என்ன கஷ்டம்? நானும் நம்பினேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்னதையே என் கண்டுபிடிப்பு போலச் சொல்லித் திரிந்தேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது என் பைத்தியம். முதலில் கொஞ்சம் பெரிய எம்பித்ரீ. அதற்கு அடுத்து, ஒன்றையும் வெட்டாமல் மடித்து மட்டும் வைக்கிற லாஸ்லெஸ் பாட்டு. இணையத்துக்கான டொங்கலைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுச் சிக்னல் பிடிப்பேன். இறங்கி முடியப் போகிற நேரம் பார்த்து மழை வரும், எல்லாம் அறுந்துபோகும், திரும்ப முதலிலிருந்து. லாஸ்லெஸ் என்று சொல்லிக் கொடுப்பதிலும் போலி உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சுருக்கிய பாட்டையே ஊதிப் பெரிதாக்கி விட்டிருப்பார்கள். சத்தத்தைப் படமாகக் காட்டுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்தால், மெல்லிய உச்சச் சத்தங்கள் இருக்க வேண்டிய மேல்பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் கறுப்பாகக் கிடக்கும். அதைப் பார்த்து "இது போலி" என்று சொல்லும்போது எனக்கு வருகிற பெருமை இருக்கிறதே, டீ டேஸ்டர் தோற்றுப்போவார்.

கொண்டுபோன ஒவ்வொன்றையும் அண்ணன் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு, "இன்னும் வரல தங்கச்சி."

எனக்கு வந்தது. முதல் நாளிலிருந்தே எனக்குச் சலங்கை கேட்டது. ஆனால் அவர் தேடுகிற சலங்கை இதைவிடத் துல்லியமானதாக இருக்கும், ரேடியோ காலத்துக் காது, நம் காது மாதிரியா என்று நினைத்துக்கொண்டேன். என்னைவிட நுணுக்கமாகக் கேட்கிறார் என்று அவரைப் பற்றி எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் பழைய கதைக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் சில்வண்டுச் சத்தத்தில் பேச முடியாதாம். தோட்டத்தில் மருந்தடித்து மருந்தடித்து எல்லாம் செத்துப்போனதாம். கோயிலில் பூசைக்குச் சின்ன மணி ஒன்று அடிப்பார்களாம், இப்போது உள்ளவர்களுக்கு அதற்கும் சோம்பலாம். அவர் திட்டத் திட்ட நான் சிரித்துக்கொண்டு கேட்பேன். வயதானால் எல்லாரும் இப்படித்தான் என்று மதினி கண்ணைக் காட்டுவார்.

கடைசியாக, கலியாணமாகி நாலு காசு கையில் புழங்க ஆரம்பித்த பிறகு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிடுவது என்று இறங்கினேன். பாட்டின் பழைய மூல நாடாவிலிருந்தே எடுத்ததை ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வாங்கி இறக்கினேன். கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சத்தத்தைச் சுத்தமாக மாற்றித் தருகிற ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன், இரண்டு நல்ல ஸ்பீக்கரும். கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குச் சத்தத்தில் கைவைக்காமலிருக்க என்னென்ன நிறுத்த வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டரோடு எல்லாவற்றையும் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பகல்தான், ஆனாலும் வாசலில் புகைபோல மூடுபனி.

போட்டேன். நான் அதுவரை அந்தப் பாட்டை அப்படிக் கேட்டதில்லை. வயலின்கள் ஓய்ந்தன. சலங்கை அறைக்குள் நடந்து, கதவைத் தாண்டி வெளியே போவது போல இருந்தது. இன்றைக்காவது வந்துவிட்டது என்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து மதினி சத்தம் போட்டார். "ஏங்க, அந்தச் சலங்கையக் கொஞ்சம் கொறச்சு வைங்க. காத அறுக்குது."

அண்ணன் கண்ணைத் திறந்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார், பிறகு என்னை.

"இருக்கா?"

"இருக்குண்ணே."

"தெளிவாவா?"

"தெளிவா."

"மொத மொத கொண்டாந்தியே, அந்த டஸ்ட்டு. அதுலயும் இருந்துச்சா?"

கம்ப்யூட்டரில் அந்த முதல் பாட்டைத் தேடிப் போட்டேன். அதே இடம் வந்தது. "திரும்பியும் அதேயா" என்று மதினி உள்ளே இருந்து அலுத்துக்கொண்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் பாட்டை நிறுத்தினேன்.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், நல்ல மனிதர், காதைச் சோதித்த தாளைக் காட்டினார். கோடு பாதித் தூரம் ஒழுங்காக வந்து பிறகு தொப்பென்று விழுந்திருந்தது. போலிப் பாட்டுகளில் நான் பார்த்துச் சிரித்த அதே வெட்டு. "கனகாலம் இரைச்சலுக்குள்ள நிண்டிருக்கிறார். நரம்பு செத்துப்போச்சு, அது திரும்பி வராது. காதுக்கு மெஷின் வச்சா ஆக்கள் கதைக்கிறது விளங்கும்" என்றார். அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் மட்டும், "ஒரு மெஷினு எடுத்துக்கிட்டத இன்னொரு மெஷினு குடுக்குமா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மெஷின் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து என்னிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"சில்வண்டு இப்ப கத்துதா?"

"கத்துதுண்ணே."

"கோயில் சின்ன மணி?"

"தெனமும் அடிக்கிறாங்க."

"அந்தக் கொய்யா மரத்துக் குருவி?"

"அதுவும்தான்."

தன்னை விட்டுப் போனதாக நினைத்த எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருந்தது தெரிந்தபோது அவருக்குச் சந்தோஷம் வந்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

ஸ்டோரையும் இப்போது மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. ரோலரைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று. அண்ணன் அந்தக் காலத்துக் கதைகளை அடியோடு விட்டுவிட்டார். மருந்தடிக்கிறவர்களைத் திட்டுவதில்லை, கோயில்காரர்களைத் திட்டுவதில்லை. புதுசாக ஏதாவது இறக்கினாயா என்று என்னைக் கேட்பதும் இல்லை. அந்தத் திட்டுகளைக் கேட்க இன்றைக்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இந்த ஞாயிறும் போனேன். பிள்ளைகளின் படிப்பு, கம்ப்யூட்டர் செலவு என்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ ஏன் தங்கச்சி இப்பல்லாம் இவ்வளவு மெதுவாப் பேசுற?" என்றார்.

நான் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.